‘வலிக்குதாம்’ என்று சொல்லாதவள்

அவளை நான் முதன்முதலாகப் பார்த்தது இரத்தினபுரி பஸ்ஸில். எஹலியகொடவில் ஏறி, ஜன்னலோரம் கிடைத்த இடத்தில் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் கல்லூரி தொடங்குகிறது. கொம்பியூட்டர் தகவல் முறைமை என்று பாடத்தின் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்குப் புரளவில்லை. குருவிட்டைக்குக் கொஞ்சம் முன்னால், கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் கண்டக்டரைப் பார்த்துச் சிங்களத்தில் சத்தம் போட்டாள்.

“அண்ணே, பஸ்ஸை நிப்பாட்டுங்க. நான் இறங்குற இடம் தாண்டிப் போயிட்டுது. என்னோட மகளுக்குப் புள்ள பிறந்திருக்கு. நான் போய்ப் பார்க்கணும்.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பேசியவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஒற்றைப் பின்னல், தோளில் விலைச்சீட்டு கழற்றாத புதுப்பை. பிள்ளை பெறுகிற வயதில் இவளுக்கு ஏது மகள்? யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பக்கத்தில், துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெரியவர் நிற்பது தெரிந்தது. ஹட்டன் பக்கமிருந்து வந்தவராம், சிங்களம் வராது. அவர் அவள் காதில் தமிழில் சொன்னதைத்தான் அவள் ஒரு சொல் மாற்றாமல் சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள்.

கண்டக்டரும் சிரித்துக்கொண்டே மணியடித்தான். பெரியவர் இறங்கிப் போனார். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அய்யோ, பேரனா பேத்தியான்னு கேக்க மறந்துட்டேனே” என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பிறகு என் மடியிலிருந்த கோப்பைப் பார்த்து, “நீயும் கொம்பியூட்டருக்குத்தானா?” என்றாள்.

இப்படித்தான் அவள் எனக்குக் கிடைத்தாள். அவளுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அதைக் கொண்டுபோய் அவளுடைய அம்மாவிடம் காட்டுவார்கள். அம்மா எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிப்பார்.

எஹலியகொடவுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அம்மா பால்வெட்டுகிறவர். அப்பா அவள் சிறு பிள்ளையாக இருந்தபோதே தவறிப்போனார். நான் கீழே பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. ஒரே ஊரின் மேலும் கீழுமாக வளர்ந்தும் கல்லூரி பஸ்ஸில்தான் நாங்கள் சந்திக்க வேண்டியிருந்தது.

நம் பேச்சில் ‘ஆம்’ என்று ஒரு ஒட்டு இருக்கிறது. வலிக்குதாம், வரமாட்டாராம், பசிக்குதாம். நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார், உண்மை பொய் எனக்குத் தெரியாது என்று விலகிக்கொள்வதற்கு அது உதவும். சிங்களத்தில் அதே வேலையை ‘லு’ செய்கிறது. ரிதெனவா என்றால் வலிக்கிறது, ரிதெனவாலு என்றால் வலிக்கிறதாம். அவள் இன்னொருவருக்காகப் பேசும்போது இந்த இரண்டையும் தொடவே மாட்டாள். எதிரில் இருப்பவருக்கு வலித்தால் “எனக்கு வலிக்குது” என்பாள்.

ஏன் அப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

“சின்னதுல எங்க அத்தைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவங்களுக்கு ஒரு வார்த்த சிங்களம் வராது. நான் போய், ‘அத்தைக்கு வயிறு வலிக்குதாம் மிஸ்’னு சொன்னேன். அந்த நர்ஸ் மிஸ் எழுதுறத நிப்பாட்டிட்டு, ‘வலிக்குதாமா? வலிக்குதா வலிக்கலியா, சரியா கேட்டுட்டு வா’ன்னுட்டாங்க. அத்த அங்கயே குந்திட்டாங்க. அன்னைக்கே விட்டுட்டேன். ‘ஆம்’ போட்டா பாதியத்தான் நம்புறாங்கடி.”

வகுப்பில் பாடம் எல்லாம் ஆங்கிலம். நாங்களோ தமிழிலும் சிங்களத்திலும் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வந்தவர்கள். அவளுடைய ஆங்கிலம் எங்களுடையதைவிடப் பெரிதாக ஒன்றும் மேலானதல்ல. ஆனால் அவளுக்குப் பிழையைப் பற்றிப் பயம் கிடையாது. வாங்குப் பலகையின் நடுவில் அவள் உட்காருவாள், இடது பக்கம் நான், வலது பக்கம் நிவித்திகலவிலிருந்து வரும் நதீஷா. நதீஷா சிங்களப் பிள்ளை. நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடும் விரிவுரையாளர் ஒரு வாக்கியம் முடித்தால் இவள் எனக்குத் தமிழில் ஒரு தடவை, நதீஷாவுக்குச் சிங்களத்தில் ஒரு தடவை முணுமுணுப்பாள். தலை இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும். தரவுத்தளம் என்றால் என்ன, முறைமைப் பகுப்பாய்வு என்றால் என்ன என்பதெல்லாம் எனக்குள் அந்த முணுமுணுப்பாகத்தான் இறங்கியது.

ஒருநாள் சேர் கரும்பலகையிலிருந்து சட்டென்று திரும்பி, “நடு வாங்கில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் பெண் எழுந்து வெளியே போகலாம்” என்று ஆங்கிலத்தில் ஏசினார். அவள் அதையும் எனக்குத் தமிழில் சொன்னாள். நதீஷா பக்கம் திரும்பிச் சிங்களத்தில் பாதி சொல்லும்போதுதான் அது தனக்கு விழுந்த ஏச்சு என்று புரிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். வகுப்பே சிரித்தது. சேரும் சிரித்துவிட்டு, “உட்கார்” என்று கையைக் காட்டினார்.

நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பல நாள் சிரித்தோம். தன்னைக் குறித்து வந்த சொல் மட்டும் அவளுக்கு ஏன் கடைசியாக உறைத்தது என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

விடுதிக்கு இடம் கேட்டு நேர்முகம் நடந்தபோதும் இப்படித்தான். தூரத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்குத்தான் இடம் என்றார்கள். நிவித்திகலவுக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை வாயைத் திறந்தாலே அழுதுவிடும். இவள் அந்தப் பிள்ளையோடு உள்ளே போனாள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு இவளுடைய குரல் கேட்டது. “எங்க தோட்டத்துக்குக் காலையில ஒரே பஸ்ஸுதான் சேர். அது வராட்டி நான் றோட்டுக்கு நடந்து வரணும். மழைக்காலத்துல அட்டைக்கடி. நான் எப்படிப் படிக்கிறது?” அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. இவள் வெளியே வந்ததும், “நீ ஒனக்குக் கேட்டியா?” என்றேன்.

“எனக்கென்ன, ஒன்கூட பஸ்ஸுல வாரேன்தானே. பேச்சுத்துணை.”

தோட்டத்தில் இருந்து றோட்டுக்கு அவளும் நடந்துதான் வந்தாள். உள்ளே சொன்ன அட்டைக்கடி அவளுடைய கணுக்காலில் இருந்தது.

அவளிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால், “நீங்க எடுக்கிறதையே எடுங்க” என்பாள். எந்த நிறம் பிடிக்கும் என்றால் தோளைக் குலுக்குவாள். என் உம்மா பெருநாளுக்கு அவளுக்கு ஒரு சட்டைத்துணி எடுத்துக் கொடுக்கப் பிரியப்பட்டு, கடையிலிருந்த துணிகளையெல்லாம் பிரித்துப் போட்டார். அவள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, “இது அம்மாவுக்கு நல்லாருக்கும், இது நதீஷாவுக்கு எடுப்பா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் உம்மாவே ஒரு நீலத்தை வெட்டிக் கொடுத்தார். “இந்தப் புள்ளைக்கு தனக்கெண்டு ஒரு ஆசையும் இல்லையா?” என்று அவள் போனபிறகு என்னிடம் கேட்டார்.

ஆசை இருந்தது. அதை இறுதி வருடத் திட்ட வேலையில் பார்த்தேன்.

மூன்று பேர் சேர்ந்து ஒரு முறைமையை வடிவமைத்துச் செய்துகாட்ட வேண்டும். மற்றவர்கள் கடைக்கு இருப்புக் கணக்கு, நூலகத்துக்குப் புத்தகப் பதிவு என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் எங்கள் இரண்டு பேரையும் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

“ஆஸ்பத்திரியில வெளிநோயாளர் வரிசையில ஒரு திரை இருக்கணும். அதுல ஒரு மனுச உருவம். வந்தவங்க எங்க வலிக்குதோ அங்க தொடணும். எப்படி வலிக்குதுன்னு தமிழ்ல கேக்கும், தமிழ்லயே சொல்லலாம். டொக்டருக்குச் சிங்களத்துல போகும். அவரு சொல்றது தமிழ்ல வரும்.” இதையே நதீஷாவுக்குச் சிங்களத்தில் சொன்னாள். பிறகு இரண்டு மொழியும் கலந்து, “நான் எத்தன பேருகூடத்தான் போறது? எல்லாருகூடவும் போக ஏலுமா?” என்றாள். அவள் தன் வாயால் தனக்கு ஏலாது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

வலிக்கான சொற்களைத் திரட்ட நாங்கள் அவளுடைய லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் போனோம். பால் சேர்த்துவிட்டுத் திரும்பிய பெண்கள் வாசலில் கூடினார்கள். நோவு என்ற பேச்சை எடுத்ததும் ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கால் கடுக்குது, காது குடையுது, நெஞ்சு காந்துது, வயித்தப் பிசையுது, தலை விண்விண்ணுங்குது, முதுகு இழுத்துப் பிடிக்குது. நதீஷா ஒவ்வொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க, இவள் முகத்தைச் சுளித்தும் வளைந்தும் நெளிந்தும் காட்டினாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “இவ நடிக்கிறதப் பாத்தா நமக்கே நோவு வந்துரும் போல” என்றாள் ஒருத்தி.

பாடப்புத்தகத்தில் வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் அளக்க வேண்டும் என்று இருந்தது. அதையும் கேட்டுப் பார்த்தோம். இடுப்பு வலிக்காரப் பெண் ஒருத்தி நெடுநேரம் யோசித்துவிட்டு, “எல்லாந்தான் போட்டுக்க தங்கச்சி” என்றாள்.

சேர் எங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, இத்தனை சொல் வேண்டாம், முறைமை குழம்பிப்போகும், ‘வலி’ என்று ஒன்றே போதும் என்றார். அவள் எழுந்து நின்றாள். “சேர், காந்துதுன்னு சொல்றவங்களுக்கும் குடையுதுன்னு சொல்றவங்களுக்கும் ஒரே மருந்தா?” சேர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். நல்ல மனிதர். “சரி. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் மருத்துவர் என்ன விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதை நீதான் சரிபார்த்துக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் பேச்சு, தகவல் இல்லை” என்றார். அவள் தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்தவரிடம் போய் உட்கார்ந்து, பல வாரங்கள் அலைந்து அதைச் செய்து முடித்தாள். அந்த நாட்களில் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் வேறெப்போதும் கண்டதில்லை.

அந்த வருடம் மழை வழக்கத்தைவிடக் கனமாக இறங்கியது. ஆறு பெருகி நகரத்துக்குள் வந்தது. கல்லூரியை மூடினார்கள். அவளுடைய தோட்டத்திலும் ஓடை கரையேறி, பள்ளத்து லயத்துக்குள் சேறும் தண்ணீரும் புகுந்துவிட்டது. நீர் வடிந்ததும் எல்லாரும் இறங்கிச் சேற்றை அள்ளினார்கள். இவளும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு அள்ளினாள்.

பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்து ஆட்களைக் கூட்டிச் சிங்களத்தில் எச்சரித்தார். எலிக்காய்ச்சல் பரவுகிறது, சேற்றில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், இந்த மாத்திரையை எடுங்கள், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் ஒருநாள்கூடப் பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார். மொழிபெயர்த்தவள் அவள்தான். எல்லாருக்கும் விளங்கும்வரை விடவில்லை என்று அவளுடைய அம்மா பின்னர் சொன்னார். வரிசையில் நின்று மாத்திரை வாங்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. மாத்திரை முடிந்துபோனது. இன்னும் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் அடுத்த தோட்டத்துக்குப் போனார்.

கல்லூரி திறந்ததும் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். கண்ணிரண்டும் மிளகாய்ப்பழம்.

“ஏன்டி, ஒன்ட கண்ணு இப்பிடி செவந்து ஈக்கி? டொக்டர்ட காட்டினியா?”

“போன் திரையப் பாத்துக்கிட்டே இருந்தா செவக்காம என்ன செய்யும்? பனடோல் போட்டிருக்கேன்.”

“கால்ல நோவு ஈக்கா?”

“ஊரு முழுக்கச் சேறு அள்ளுனா எல்லாருக்கும் கால் நோவுதான்.” அதைச் சொல்லிவிட்டு, முன் சீட்டிலிருந்த பெண் கண்டக்டரிடம் எதையோ கேட்கத் தடுமாறுவதைப் பார்த்து எழுந்து போய்விட்டாள்.

அன்று மத்தியானமே கொம்பியூட்டர் அறையில் தலையை மேசைமேல் வைத்துவிட்டாள். தொட்டால் கொதித்தது. நதீஷாவும் நானும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தம் எடுத்துப் பார்த்து அப்போதே வாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். ஊசிமருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அவளுடைய அம்மா பதறி ஓடிவந்தார். அவருக்குக் கடைச் சிங்களம் தெரியும், ஆஸ்பத்திரிச் சிங்களம் தெரியாது. காய்ச்சலில் கிடந்தவளே தாதி சொல்வதை அம்மாவுக்குச் சொன்னாள். “பயப்படாதம்மா, மருந்து வேலை செய்யுதுன்னு சொல்றாங்க.” தாதி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்று சொன்னார். அவள் மாற்றிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள் பார்வையாளர் நேரத்தில் நாங்கள் இருவரும் போனோம். அம்மா மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். அவள் கண்வெள்ளை மஞ்சளாகியிருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் தோட்டத்துப் பெண் ஒருத்தி, கால் வீங்கி, கட்டுப்போட்டுக் கிடந்தாள். காலையிலிருந்து அவளுக்கும் இவள்தான் வாய்.

அந்த நேரம் பார்த்து இளவயது டொக்டர் ஒருவர் அவசரமாக வந்தார். பக்கத்துக் கட்டிலுக்குப் போய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இவள் தலையைத் திருப்பித் தமிழில் கேட்டாள். “காலு காந்துதுங்க” என்றாள் அந்தப் பெண். இவள் டொக்டரைப் பார்த்துச் சிங்களத்தில், “என் கால் எரியுது” என்றாள். டொக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். அந்தப் பெண் மீண்டும் ஏதோ முனகினாள். இவள் கொஞ்சம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, “மட்ட ஹுஸ்ம கன்ன அமாருய்” என்றாள். எனக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருக்கிறது.

டொக்டர் குனிந்து பக்கத்துக் கட்டில் பெண்ணின் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துப் பார்த்தார். மூச்சை இழுத்து விடச் சொல்லிக் கையால் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்பதுபோலத் தலையசைத்தார். இவளைப் பார்த்து, “நீ களைத்துப்போவாய் தங்கச்சி, அதிகம் கதைக்காமல் படு” என்று அன்பாகச் சொல்லிவிட்டு, வாட்டின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்ட குரலுக்கு ஓடினார்.

மணி அடித்துவிட்டார்கள். “போங்க ரெண்டு பேரும், பஸ்ஸு போயிரும்” என்றாள்.

அடுத்த நாள் காலையில் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியதாக நதீஷாவுக்கு அழைப்பு வந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காய்ச்சல் நுரையீரலுக்குள் இறங்கி இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். அம்மா நடைபாதையின் சுவரோடு சாய்ந்து நின்றார். முந்தைய நாள் பார்த்த அதே டொக்டர்தான் வெளியே வந்து சொன்னார். அம்மா அவர் வாயையே பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். “என்ன சொல்றாரு புள்ள?” என்று என் கையைப் பிடித்தார். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அவளுடைய பையை எடுக்க வாட்டுக்குப் போனேன். அவள் படுத்திருந்த கட்டிலில் புதுவிரிப்பு போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் பெண், “அந்தப் புள்ள எங்கம்மா? மாத்திட்டாங்களாமே?” என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நெடுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“தங்கமான புள்ள. அதுக்கிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். நேத்து எதுக்கும்மா அந்த டாக்டரய்யா என் நெஞ்சுல கொழாய வச்சுப் பாத்தாரு? எனக்குக் காலுதானே நோவு. மூச்சு நல்லாத்தானே வருது.”

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து நதீஷாவிடம் சொன்னேன். டொக்டர், நதீஷா, நான், அந்த வாக்கியத்தைக் கேட்ட மூன்று பேரும் அதைப் பக்கத்துக் கட்டிலின் மூச்சு என்றே கேட்டிருக்கிறோம். அவள் வாயிலிருந்து வரும் ‘எனக்கு’ என்ற சொல் அவளுடையதாக இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நதீஷா நேரே அந்த டொக்டரிடம் போய்க் கேட்டாள். நான் தூரத்தில் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி பேசினார். திரும்பி வந்து நதீஷா சிங்களத்தில் சொன்னாள்: “தெரிஞ்சிருந்தா உடனே மாத்தியிருப்பாராம். ஆனா அப்பவும் பிழைச்சிருப்பாளான்னு சொல்லத் தெரியாதாம். நோய் அவ்வளவு தூரம் போயிருந்ததாம்.”

தோட்டத்தில் அவளை அடக்கம் செய்தபோது மழை விட்டிருந்தது. ரப்பர் மரங்களிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. வலிகளைச் சொல்லிச் சிரித்த பெண்கள் எல்லாரும் நின்றார்கள். அவளுடைய அம்மா சத்தம் போட்டு அழவில்லை. வந்தவர்களில் யாருக்கு இருக்கை இல்லை என்று பார்த்துப் பார்த்து நாற்காலி நகர்த்திக்கொண்டிருந்தார். பிடித்து உட்கார வைத்தாலும் எழுந்துவிடுவார்.

திட்ட வேலையை இரண்டு பேராக முடிக்கலாம் என்று சேர் சொன்னார். நாங்கள் அவள் சேர்த்த சொற்கள் ஒன்றையும் விடாமல் ஏற்றினோம். ஒன்று மட்டும் புதிதாகச் சேர்த்தோம். மனித உருவம் வருவதற்கு முன்னால், எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு கேள்வி: ‘நீங்கள் உங்களுக்காகப் பேசுகிறீர்களா, இன்னொருவருக்காகப் பேசுகிறீர்களா?’ கீழே இரண்டு பெட்டி.

செய்துகாட்டிய நாளில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தக் கேள்வியில் நின்றார். நோவோடு வருகிறவரை இது வீணாக ஒரு நிமிடம் தாமதிக்க வைக்கும், எடுத்துவிட்டால் முறைமை இன்னும் எளிதாகும் என்றார். சேர் எங்களைப் பார்த்தார். நதீஷா தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினேன், முடிக்கவில்லை. “அது இருக்கட்டும் சேர்” என்று மட்டும் சொன்னேன். தேர்வாளர் அதற்கு மேல் கேட்கவில்லை.

பரீட்சைப் பெறுபேறு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனோம். அம்மா கேட்டிருந்தார். “அவ என்னதான் படிச்சான்னு எனக்குத் தெரியாது புள்ள. கொம்பியூட்டர் படிக்கிறான்னு எல்லாருக்கும் சொல்லுவேன். அது என்னான்னு கேட்டா சொல்லத் தெரியாது. எனக்கு ஒருக்கா காட்டுங்க.”

காம்பரா என்ற அந்த ஒற்றை அறைக்குள் கதவு வெளிச்சத்தில் பலகையைப் போட்டு மடிக்கணினியைத் திறந்து வைத்தோம். அம்மா கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இது அவளுடைய யோசனை, இந்த உருவத்தைத் தொட்டால் சொற்கள் வரும், அவையெல்லாம் அவள் இந்த வாசலில் உட்கார்ந்து சேர்த்தவை என்று சொன்னேன். அம்மா தலையாட்டினார். நதீஷா அவருடைய விரலைப் பிடித்து எங்கே தொடவேண்டும் என்று காட்டினாள்.

முதல் கேள்வி வந்தது. அம்மா எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தார். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். விரல் ஒரு பெட்டிக்கு மேலே போய் நின்றது. பிறகு மற்றதற்கு நகர்ந்தது. எதையும் தொடாமல் அப்படியே காற்றில் நின்றது.

“ரெண்டுந்தான்னு சொல்ல இதுல எடம் இல்லையா புள்ள?” என்றார்.

இல்லை என்றேன். அம்மா விரலை மடக்கிக்கொண்டார்.

நதீஷா என் பக்கம் திரும்பி, அம்மா என்ன சொன்னார் என்று சிங்களத்தில் கேட்டாள். அதைச் சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.